கழிவுநீர் சம்ப் கண்ட்ரோலர், லெவல் சென்சார் செட்டிங்: மலைப் பகுதிக்கான கேள்வி பதில்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளில் லாட்ஜ், பள்ளி விடுதி, ஆஸ்பத்திரி, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றின் கழிவுநீர் சம்பைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இந்தப் பக்கம். கழிவின் மட்டத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கண்ட்ரோலர் பெட்டியோடு வரும் கம்பெனி செட்டிங், சமவெளியில் சீரான கரண்டில் ஓடும் மோட்டாருக்காகப் போடப்பட்டது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், சரிவிலும் மூடுபனியிலும் அதை அப்படியே விட்டால் ஒரு நாள் சம்ப் வழியும். மலையில் வழிந்தது வழிந்த இடத்தில் நிற்காது. ஊட்டி நகருக்குள் என்றால் கோடப்பமந்து கால்வாயில் இறங்கி ஏரிக்குப் போகும். மற்ற ஊர்களில் கீழ்வீட்டுக் கிணற்றுக்கோ ஓடைக்கோ போகும்.

கணக்குகளுக்கெல்லாம் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறோம். ஊட்டியில் 40 அறை லாட்ஜ். வட்டமான சம்ப், உள்விட்டம் 1.5 மீட்டர், ஆழம் 3 மீட்டர். கழிவு வந்து விழும் குழாயின் அடிவிளிம்பு, தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில். 3 எச்.பி. நீர்மூழ்கிக் கழிவுநீர் பம்பு இரண்டு. ஒவ்வொன்றும் நொடிக்கு 5 லிட்டர், அதாவது மணிக்கு 18,000 லிட்டர் தள்ளும். டெலிவரி குழாய் உள்விட்டம் 75 மி.மீ., நீளம் 100 மீட்டர். எண்கள் உங்கள் சம்புக்கு மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

மோட்டார் ஆன், ஆஃப் லெவலை எப்படி முடிவு செய்வது?

கண்ட்ரோலரைத் தொடுவதற்கு முன் டேப்பும் காகிதமும் எடுங்கள். எல்லா உயரத்தையும் சம்பின் தரையிலிருந்தே எழுதுங்கள். மேல்மூடியிலிருந்து பாதி, தரையிலிருந்து பாதி என்று கலந்து எழுதுவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

ஆஃப் லெவலை முதலில் முடிவு செய்யுங்கள். பம்பின் கேட்லாக்கில் குறைந்தபட்ச நீர்மட்டம் என்று ஒரு அளவு இருக்கும். மோட்டார் பாடி தண்ணீரில்தான் குளிர்கிறது, அதனால் அந்த அளவுக்குக் கீழே தொடர்ந்து ஓடக் கூடாது. நம் உதாரணத்தில் ஆஃப் 0.50 மீட்டர்.

அடுத்து ஆன் லெவல். ஒரு மோட்டார் மணிக்கு எத்தனை தடவை ஸ்டார்ட் ஆகலாம் என்பதும் கேட்லாக்கில் இருக்கும். இங்கே 10 என்று வைத்துக்கொள்வோம். பம்பு மணிக்குத் தள்ளும் அளவை, அந்த எண்ணிக்கையின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 18,000 ÷ 40 = 450 லிட்டர். ஆனுக்கும் ஆஃபுக்கும் இடையில் இவ்வளவாவது கொள்ள வேண்டும். நான்கு மடங்கு ஏன் என்றால், பம்பு தள்ளுவதில் சரிபாதி அளவு வரத்து இருக்கும்போதுதான் மோட்டார் மிக அதிகத் தடவை ஸ்டார்ட் ஆகும். அந்த மோசமான நிலைக்கான கணக்கு இது. 1.5 மீட்டர் விட்ட சம்பில் 1 செ.மீ. உயரத்துக்கு 17.7 லிட்டர் நிற்கும். 450 லிட்டருக்கு 25.5 செ.மீ. சற்றுக் கூட்டி 30 செ.மீ. வைத்தால் ஆன் லெவல் 0.80 மீட்டர்.

இன்னொரு சரிபார்ப்பும் உண்டு, இதைப் பலர் செய்வதில்லை. டெலிவரி குழாய்க்குள் 100 மீட்டருக்கு 442 லிட்டர் நிற்கிறது. மோட்டார் ஒரு தடவை ஓடும்போது இது முழுவதும் வெளியே போய்ப் புதுக் கழிவு நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கழிவு குழாயிலேயே கிடந்து நாறி, மண் படிந்து, குழாய் மெல்ல மெல்லச் சுருங்கும். 30 செ.மீ. இடைவெளியில் 530 லிட்டர் போகிறது, சரி. யாராவது 20 செ.மீ. ஆக்கினால் 353 லிட்டர்தான் போகும், குழாய் ஒருமுறையும் முழுதாகக் கழுவப்படாது.

மற்ற லெவல்கள்: இரண்டாவது மோட்டார் ஆன் 1.00, ஹை அலாரம் 1.20, தனி எமர்ஜென்சி ஃப்ளோட் (தண்ணீரோடு எழும் மிதவை சுவிட்ச்) 1.35, டிரை ரன் ட்ரிப் (தண்ணீர் இல்லாமல் ஓடாதபடி மோட்டாரை நிறுத்துவது) 0.35. வரத்துக் குழாயின் 1.60க்குக் கீழே எல்லாம் அடங்க வேண்டும். அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் சம்ப் வழிவதற்கு முன்பே குழாயில் எதிர்த்து நின்று, தாழ்வான அறையின் பாத்ரூமில் வெளியே வரும்.

இவ்வளவு பெரிய மோட்டார் இந்த லாட்ஜுக்குத் தேவையா?

40 அறை, அறைக்கு 2 படுக்கை, படுக்கைக்கு 180 லிட்டர் என்றால் நாளுக்கு 14,400 லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவாக வரும்: ஏறத்தாழ 11,500 லிட்டர். காலை 7 மணிக்கு எல்லாரும் குளிக்கும் நேரத்தில் சராசரியைப் போல் மூன்று மடங்கு என்றாலும் மணிக்கு 1,440 லிட்டர்தான். வரத்தை மட்டும் பார்த்தால் சின்ன மோட்டாரே போதும். ஆனால் குழாயில் ஓட்ட வேகம் நொடிக்கு 0.6 முதல் 0.8 மீட்டராவது இருந்தால்தான் மண்ணும் திடக்கழிவும் தங்காமல் போகும். 75 மி.மீ. குழாயில் 5 லிட்டர் போனால் வேகம் 1.1 மீட்டர். அதனால் இந்த அளவு சரிதான்.

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) போட்டு மெதுவாக ஓட்டினால் கரண்ட் மிச்சமாகுமே?

சரிவில் ஏற்றும் கழிவுநீருக்கு வேண்டாம். 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் பம்பு தூக்கும் உயரம் 64 சதவீதமாகச் சரிகிறது. மேட்டுக்கு ஏற்ற வேண்டிய இடத்தில் மோட்டார் சுற்றும், தண்ணீர் ஏறாது. போட்டே ஆக வேண்டுமென்றால், 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பொதுவாக 1 சதவீதம் டிரைவின் திறன் குறையும் என்று கணக்கிட்டு, ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். ஊட்டி உயரத்தில் அது 12 சதவீதம்.

4–20 மில்லிஆம்பியர் சென்சாரை எப்படி ஸ்கேல் செய்வது?

தண்ணீருக்குள் தொங்கும் பிரஷர் சென்சார், தன் டயாஃப்ராமுக்கு (அழுத்தத்தை உணரும் மெல்லிய தகட்டுக்கு) மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை மட்டுமே, 4 (பூஜ்யம்) முதல் 20 (முழு ரேஞ்ச்) மில்லிஆம்பியர் கரண்டாகச் சொல்லும். தரை எங்கே என்று அதற்குத் தெரியாது. சேற்றில் புதையாமல் இருக்க, தரையிலிருந்து 15 செ.மீ. மேலே தொங்கவிடுவோம். 5 மீட்டர் ரேஞ்ச் சென்சார் என்றால் கண்ட்ரோலரில் இப்படிப் போட வேண்டும்: 4 மில்லிஆம்பியர் = 0.15 மீட்டர், 20 மில்லிஆம்பியர் = 5.15 மீட்டர்.

0.00, 5.00 என்று போட்டுவிடுவது வழக்கமான பிழை. அப்போது டிஸ்பிளே எப்போதும் 15 செ.மீ. குறைவாகக் காட்டும். ஹை அலாரம் 1.20க்குப் பதில் 1.35இல், அதாவது எமர்ஜென்சி ஃப்ளோட் எழும் உயரத்திலேயே அடிக்கும். எச்சரிக்கையும் கடைசி நடவடிக்கையும் ஒரே நேரத்தில் வந்தால் எச்சரிக்கைக்கு அர்த்தமில்லை.

மல்டிமீட்டரை லூப்பில் தொடராகப் போட்டுச் சரிபார்க்கலாம். தரையிலிருந்து 0.50 மீட்டரில் 5.12 மில்லிஆம்பியர், 0.80இல் 6.08, 1.00இல் 6.72, 1.20இல் 7.36 வர வேண்டும். வந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது, தவறு ஸ்கேலில். வராவிட்டால் கண்ட்ரோலரைக் குடைய வேண்டாம். சென்சாரையும் கேபிளையும் பாருங்கள்.

3.6க்குக் கீழே போனாலும் 21க்கு மேலே போனாலும் சென்சார் பழுது என்று எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். பழுது வந்தால் கண்ட்ரோலர் என்ன செய்ய வேண்டும் என்றும் ஒரு செட்டிங் உண்டு. அதில் "மோட்டாரை நிறுத்து" என்று விட்டுவிடாதீர்கள். "அலாரம் கொடு, ஃப்ளோட்டுக்கு மாறு" என்று போடுங்கள். கேபிள் அறுந்தால் 0 மில்லிஆம்பியர். அதை வெறும் சம்ப் என்று புரிந்துகொண்டு மோட்டாரை நிறுத்தி வைத்த கண்ட்ரோலர்தான் ராத்திரியோடு ராத்திரியாகச் சம்பை வழிய விடுகிறது.

புது சென்சார் மாட்டினோம். சம்பில் இரண்டு மீட்டர் தண்ணீர் இருந்தும் 4 மில்லிஆம்பியருக்கு மேல் ஏறவில்லை. சென்சார் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை, வகை தவறு. வாங்கும்போது கேட்க வேண்டியது, வெளிக்காற்றை ஒப்பிட்டு அளக்கும் வகை. அதன் கேபிளுக்குள் மெல்லிய காற்றுக்குழல் ஒன்று மேல்வரை வரும். குழல் இல்லாத, உள்ளே அடைத்து மூடிய வகைகளும் கடையில் இருக்கின்றன. அவை கடல் மட்டக் காற்றழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்து அடைக்கப்பட்டவை. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 2.4 மீட்டர் தண்ணீரின் அளவு குறைவு. எனவே அந்தச் சென்சார் 2.4 மீட்டர் தண்ணீர் மேலே ஏறும்வரை பூஜ்யத்தைவிட்டு நகராது. கடல் மட்டத்தில் உள்ள சென்னையில் வாளியில் வைத்துச் சோதித்தபோது சரியாக இருந்தது இங்கே வந்து தப்பாவதற்கு இதுவே காரணம். ஸ்கேலில் ஈடுகட்ட முயலாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றுங்கள்.

தரைமேல் வைத்து உறிஞ்சும் செல்ஃப் பிரைமிங் பம்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே காற்றழுத்தம்தான் பிரச்சினை. சமவெளியில் 6 மீட்டர் உறிஞ்சிய பம்பு இங்கே 4 மீட்டருக்கே திணறும்.

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மட்டும் லெவல் தாறுமாறாக அலைகிறது. ஏன்?

அந்தக் காற்றுக்குழலில் ஈரம் புகுந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் இரவு உறைபனி, காலையில் வெயில். ஜங்ஷன் பாக்ஸுக்குள் வியர்த்து, ஒரு சொட்டு குழலை அடைத்தால் போதும். அடைபட்ட காற்று வெப்பத்துக்கேற்ப விரிந்து சுருங்கும், டிஸ்பிளேயும் சேர்ந்து ஆடும்.

கேபிள் முடியும் இடத்தில் மூச்சுத்துளை உள்ள பாக்ஸ் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பை வையுங்கள். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். ஆரஞ்சு நிற வகை என்றால் பச்சையாகும். தென்மேற்குப் பருவமழையை முழுதாக வாங்கும் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. கேபிள் முனையை எம்-சீல் வைத்து அடைப்பது "பாதுகாப்பு" என்ற எண்ணத்தில் பலரும் செய்வது. அதுவே சென்சாரைக் கெடுக்கும் வேலை.

ஒரே சீராகச் சில சென்டிமீட்டர் அதிகமாகவே காட்டினால் ஈரம் இல்லை, டயாஃப்ராமில் கொழுப்பு படிந்திருக்கிறது. மேலே இழுத்து, மெல்லிய தண்ணீர்ப் பீச்சலில் கழுவுங்கள். கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ உள்ளே விட்டால் டயாஃப்ராம் கிழியும். கழிவுநீருக்கு வாங்கும்போதே சின்னத் துளை மூக்கு வைத்த மாடலை விட்டுவிட்டு, அகலமான, திறந்த டயாஃப்ராம் உள்ளதாகக் கேளுங்கள்.

அல்ட்ராசோனிக் (ஒலியின் எதிரொலியால் அளக்கும் சென்சார்) போட்டால் தண்ணீரையே தொடாதே, அது மேல் இல்லையா?

சமவெளியில் நல்ல தேர்வு. மலையில் கீசர் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் சூடாக வந்து விழும், மேல்மூடி சில்லென்று இருக்கும். சென்சார் முகத்தில் நீர்த்துளி கோத்துக்கொண்டு எதிரொலி தொலைந்துபோகும். சோப்பு நுரையும் ஒலியை விழுங்கும். ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.17 சதவீதம் மாறுவதைச் சென்சாரே சரிசெய்துகொள்ளும். ஆனால் அது தன் உடம்பின் வெப்பத்தைத்தான் அறியும், சம்புக்குள் உள்ள காற்றை அல்ல.

ஏற்கனவே வைத்திருந்தால் மூன்று விஷயங்கள் பாருங்கள். முகத்திலிருந்து முதல் 25–35 செ.மீ. குருட்டுப் பகுதி, தண்ணீர் அதற்குள் ஏறக் கூடாது. வந்து விழும் நீரும் சங்கிலியும் ஏணிப்படியும் ஒலி விரியும் பாதையில் இருக்கக் கூடாது. எதிரொலி தொலைந்தால் கடைசி அளவைப் பிடித்துக்கொண்டே இருக்கும் செட்டிங்கை 60 நொடிக்குமேல் விடக் கூடாது. புதிதாக வாங்குபவர்கள், பணம் இடம் கொடுத்தால், 80 கிகாஹெர்ட்ஸ் ரேடாரைப் பாருங்கள். ஆவியும் நீர்த்துளியும் அதை அவ்வளவு பாதிப்பதில்லை.

கண்ட்ரோலரும் சென்சாரும் இருக்கும்போது தனியாக ஒரு ஃப்ளோட் எதற்கு?

கண்ட்ரோலர் செயலிழந்தாலும் சம்ப் வழியக் கூடாது என்பதற்கு. இந்த ஒரு ஃப்ளோட்டை விட்டுக்கொடுக்கவே கூடாது.

இதன் கம்பி கண்ட்ரோலருக்குள் போகக் கூடாது. ஃப்ளோட் எழுந்தால் ஒரு ரிலே, ரிலே வழியாக நேரடியாக ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் காயில். ஓவர்லோடு ரிலேயின் கான்டாக்ட் மட்டும் தொடரில் இருக்கட்டும். ஃப்ளோட் கொஞ்சம் இறங்கியதும் உடனே நிற்காமல் இருக்க ஆஃப்-டிலே டைமர் வேண்டும். 1.35இலிருந்து 0.50 வரை 85 செ.மீ.; 1,500 லிட்டர்; ஒரு பம்புக்கு 5 நிமிடம். டைமரை 4 நிமிடத்தில் வைத்தால் டிரை ரன் ஆகாமல் இறங்கும். ரிலேயின் இன்னொரு கான்டாக்டை அலாரம் ஹூட்டருக்குக் கொடுங்கள். இந்த ஃப்ளோட் வேலை செய்தது என்றாலே வேறெங்கோ பழுது இருக்கிறது, யாராவது வந்து பார்த்தாக வேண்டும்.

எடைக்கட்டிக்கும் ஃப்ளோட்டுக்கும் இடையே 10–15 செ.மீ. கேபிள் தளர்வாக இருந்தால் போதும். நீளமாக விட்டால் பம்பின் சங்கிலியைச் சுற்றிக்கொள்ளும். சம்புக்குள் மீத்தேன் சேரும் இடமென்பதால் ஃப்ளோட் கம்பிகளைத் தீப்பொறி எழாத ஐசொலேட்டர் அல்லது பேரியர் வழியாக எடுங்கள். 230 வோல்ட்டை ஃப்ளோட்டுக்குள் நேராகக் கொண்டுபோகும் பழைய வழக்கத்தைக் கண்ட இடத்தில் மாற்றுங்கள்.

மோட்டார் நின்ற சில நிமிடத்திலேயே மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. வரத்து அவ்வளவு இல்லை.

என்.ஆர்.வி., அதாவது ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு, பிடிக்கவில்லை. மேட்டுக்கு ஏற்றிய 442 லிட்டரும் அப்படியே திரும்பி இறங்கினால் சம்பில் 25 செ.மீ. ஏறும். ஆன் லெவலுக்கு மிச்சம் 5 செ.மீ.தான், அடுத்த சில நிமிடத்தில் மீண்டும் ஸ்டார்ட். ஏற்றியதையே ஏற்றி, மோட்டார் ரீவைண்டிங் கடைக்குத்தான் போகும்.

இரவு வரத்து இல்லாத நேரத்தில் மோட்டாரைக் கையால் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் லெவலைக் கவனியுங்கள். ஏறினால் வால்வுதான். பந்து வகை வால்வில் பந்துக்கும் சீட்டுக்கும் இடையே துணியோ வெட் டிஷ்யூவோ சிக்கியிருக்கும். இரண்டு மோட்டார் இருந்தால் எதன் வால்வு என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு கேட் வால்வாக மூடிப் பாருங்கள். கண்ட்ரோலரில் ஆன் லெவலை உயர்த்தி இதை மறைப்பவர்கள் உண்டு; அதனால் நோய் ஒளிந்துகொள்கிறது, குணமாவதில்லை.

எங்களுக்கு நேர்மாறு. மோட்டார் நின்ற பிறகும் லெவல் இறங்கிக்கொண்டே போகிறது.

சைஃபன். சுத்திகரிப்பு நிலையமோ நகராட்சி மேன்ஹோலோ உங்கள் சம்பைவிடத் தாழ்வாக இருந்து, இடையில் குழாய் ஒரு மேட்டைத் தாண்டினால் இது நடக்கும். குன்னூர், கொடைக்கானல் சரிவுகளில் சாதாரணம். குழாய் நிரம்பிய பின் மோட்டார் இல்லாமலே தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். பம்பு வாய்வரை இறங்கி, காற்றை உறிஞ்சி நிற்கும். அடுத்த தடவை மோட்டார் சுற்றும், தண்ணீர் ஏறாது.

மோட்டார் ஓடாத நேரத்தில் டிரை ரன் அலாரம் வந்தால் உடனே இதைச் சந்தேகியுங்கள். செட்டிங்கில் தீர்க்க முடியாது. குழாயின் மிக உயர்ந்த இடத்தில் கழிவுநீருக்கான ஏர் வால்வு வைக்க வேண்டும். நல்ல தண்ணீருக்கான ஏர் வால்வை வைத்தால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

மோட்டார் ஓடுகிறது, ஆம்பியர் குறைவு, தண்ணீர் ஏறவில்லை.

ஏர் லாக், அல்லது தலைகீழ்ச் சுற்று. சம்பைக் காலி செய்து கழுவிய பிறகு என்றால் ஏர் லாக். என்.ஆர்.வி.க்குக் கீழே, பம்புக்கு மேலே உள்ள குழாயில் 5–6 மி.மீ. துளை ஒன்று இருந்தால் காற்று தானே போய்விடும்.

லைன் வேலை முடிந்து கரண்ட் வந்த பிறகு என்றால் ஃபேஸ் மாறியிருக்கும். மழையில் மரம் விழுந்து லைன் அறுந்து, திரும்பக் கட்டும்போது இரண்டு ஃபேஸ் இடம் மாறுவது நடக்கிற விஷயம். நீர்மூழ்கி மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாததால், ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டாரை ஓடவிடாத ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலே கட்டாயம். கண்ட்ரோலரிலேயே அந்த வசதி இருந்தால் "ஆன்" ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் ஆஃபாகத்தான் வரும்.

ஓவர்லோடு, வோல்டேஜ் செட்டிங் என்ன?

ஓவர்லோடு ரிலே, பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரில். 5 என்று இருந்தால் 5. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 7க்குத் திருகக் கூடாது; ட்ரிப் ஆவதற்குக் காரணம் இம்பெல்லரில் சுற்றிய துணியாக இருக்கும். ஸ்டார்-டெல்டாவில் ரிலே ஆறு வயர் பக்கம் இருந்தால் 0.58ஆல் பெருக்கிய அளவு: 2.9.

குறைந்த வோல்டேஜ் ட்ரிப் 355, அதிக வோல்டேஜ் 460, மூன்று ஃபேஸுக்கு இடையிலான வித்தியாசம் 5 சதவீதம், தாமதம் 5 நொடி. சீசனில் எல்லா லாட்ஜிலும் கீசர் ஓடும் காலை நேரத்தில் லைன் இறங்கும். 355க்கே அடிக்கடி ட்ரிப் ஆனால் எண்ணைக் குறைக்காமல், மீட்டர் பலகையிலிருந்து சம்ப் வரையிலான கேபிள் சைஸைப் பாருங்கள். மலைச்சரிவில் சம்ப் கட்டடத்தைவிட்டு வெகுதூரம் கீழே இருக்கும். அந்தத் தூரத்திலேயே பத்திருபது வோல்ட் போயிருக்கும்.

டிரை ரன்னை லெவலோடு ஆம்பியரை வைத்தும் கண்காணிக்கலாம். டாங் டெஸ்டரில் சாதாரணமாக ஓடும்போது 4.4 என்றால் 3.1க்குக் கீழே 10 நொடி நின்றால் ட்ரிப் என்று வையுங்கள். மோட்டாரிலிருந்து வரும் வெப்ப சென்சார் வயர்களையும் ஆயில் சேம்பர் ஈர சென்சார் வயரையும் கட்டாயம் இணையுங்கள். சுருட்டி டேப் ஒட்டிவிட்டால் சீல் போனது தெரியாமலே வைண்டிங் வரை தண்ணீர் போய்விடும்.

கரண்ட் வந்ததும் ஜெனரேட்டர் திணறி நிற்கிறது.

இரண்டு மோட்டாரும் ஒரே நொடியில் ஸ்டார்ட் ஆகின்றன. 3 எச்.பி. மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட் ஓடும் கரண்ட்டைப் போல் ஆறு மடங்கு, ஒன்றுக்கு 30 ஆம்பியர். முதல் மோட்டாருக்கு 15 நொடி, இரண்டாவதற்கு 45 நொடி தாமதம் கொடுங்கள். சேஞ்ச் ஓவரிலிருந்து ஒரு கான்டாக்ட் எடுத்து, ஜெனரேட்டரில் ஓடும்போது ஒரே மோட்டார் என்று வைப்பது இன்னும் நல்லது. டர்போ இல்லாத ஜெனரேட்டர் இந்த உயரத்தில் பலகையில் எழுதிய கிலோவாட்டைத் தராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மழை நாளில் இரண்டு மோட்டாரும் விடாமல் ஓடுகின்றன.

கூரைத் தண்ணீர் எங்கோ கழிவுக் குழாயில் சேர்ந்திருக்கிறது. 300 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மி.மீ. மழை விழுந்தால் 15,000 லிட்டர். ஒரு பம்பின் முழுத் திறனுக்குச் சற்றே குறைவு. லாட்ஜின் உச்சநேரக் கழிவைப் போல் பத்து மடங்கு. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்பாகவே கூரைக் குழாயில் சாயத்தண்ணீர் ஊற்றி, சம்பில் நிறம் வருகிறதா என்று பார்த்துப் பிரித்துவிடுங்கள்.

இடியில் சென்சார் அடிக்கடி போகிறது.

மெயின் சப்ளைக்கு ஒரு சர்ஜ் அரெஸ்டர், 24 வோல்ட் சென்சார் லூப்புக்கு இன்னொன்று; இரண்டும் வேண்டும். அரெஸ்டரிலிருந்து எர்த் வரையிலான வயர் அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வளைத்துச் சுருட்டவும் கூடாது. சென்சார் கேபிளின் ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். பாறைக்கு மேல் மண் குறைவான இடத்தில் ஒரு எர்த் குழி போதாது. இரண்டு, மூன்று குழியை இணைத்து எர்த் மெகரில் 5 ஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

பள்ளி விடுதி. குளிர்கால விடுமுறை முடிந்து திறந்தால் மோட்டார் இறுகிப்போயிருக்கிறது.

கண்ட்ரோலரில் எக்சர்சைஸ் செட்டிங்கை ஆன் செய்யுங்கள்: 24 மணி நேரம் ஓடாத மோட்டாரை 10 நொடி சுற்றச் சொல்லுங்கள், லெவல் 0.50க்கு மேல் இருந்தால் மட்டும். முறைமாற்றம், அதாவது இந்தத் தடவை ஒன்று, அடுத்த தடவை இரண்டு என்பது, எப்போதும் ஆனில் இருக்கட்டும். ஆன் லெவலைத் தடவைக்குத் தடவை 5 செ.மீ. முன்பின் மாற்றும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். சுவரில் ஒரே உயரத்தில் கொழுப்பு வளையம் கட்டாது. விடுமுறைக்கு முன் சம்பை ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிவிட்டுப் பூட்டுங்கள்.

பேனலுக்குள் செம்பு கறுத்து, ரிலே பாயிண்ட் போய்க்கொண்டே இருக்கிறது.

சம்பின் ஹைட்ரஜன் சல்ஃபைடு கேபிள் குழாய் வழியே பேனலுக்குள் ஏறுகிறது. குழாயின் இரு முனையையும் டக்ட் சீலால் அடைத்து, இடையில் காற்றோட்டமுள்ள ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். மூடுபனிக்கு, பேனலுக்குள் 40 வாட் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் போதும்.

அலாரம் எஸ்.எம்.எஸ். சில நாள் வருவதில்லை.

பள்ளத்தாக்கில் சிக்னல் நிலைக்காது. வெளி ஆன்டெனா வைத்து, இரண்டு பேர் எண்ணைப் போடுங்கள். அதை மட்டும் நம்பாமல், 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் ஓடும் ஹூட்டரும் சிவப்பு விளக்கும் ரிசப்ஷன் அல்லது வாட்ச்மேன் அறையில் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில்தானே சம்ப் ஏறுகிறது.

சென்சார் சிக்கிக்கொண்டது. ஆளை இறக்கி எடுக்கலாமா?

கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, சம்பின் அடியில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். பாதுகாப்பின்றி ஆளைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவது கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. பம்பு கைடு பைப்பிலும் சங்கிலியிலும், சென்சார் தனிக் கொக்கியிலும் தொங்கி, எல்லாமே மேலிருந்து இழுக்கும்படி இருக்க வேண்டும். அப்படி இல்லாத சம்பில் லாரி வைத்து உறிஞ்சி, கொக்கிக் கம்பால் எடுங்கள். மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் எப்படிச் சோதிப்பது?

உண்மையான தண்ணீரில். மெனுவில் சிமுலேஷன் இருந்தாலும் அது வயரிங்கைச் சோதிக்காது. ஹோஸ் போட்டு நல்ல தண்ணீர் விட்டு, மேலிருந்து டேப்பால் அளந்துகொண்டே ஒவ்வொரு லெவலும் 2 செ.மீ.க்குள் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓடும்போதே சென்சார் வயர் ஒன்றைக் கழற்றுங்கள். அலாரம் வர வேண்டும், சம்ப் ஃப்ளோட்டுக்கு மாற வேண்டும். கண்ட்ரோலர் ஃப்யூஸை எடுத்துவிட்டு எமர்ஜென்சி ஃப்ளோட்டைக் கொக்கியால் தூக்குங்கள். மோட்டார் ஓட வேண்டும். இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தால் ஓடக் கூடாது.

முடிந்ததும் எல்லா எண்ணையும், சென்சார் தொங்கும் உயரத்தையும், கேபிளில் டேப் ஒட்டிய இடத்தையும், தேதியையும் ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். செட்டிங் மாற்றுபவர் பழைய எண்ணை அடித்துப் புது எண்ணைப் பக்கத்தில் எழுதட்டும், அழிக்க வேண்டாம். பாஸ்வேர்டை மட்டும் அந்தத் தாளில் எழுதாமல் மேனேஜரிடம் கொடுத்து வையுங்கள்.